பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம்

பச்சை மழைக்கோட்டு… அதைத்தான் வெஸ்லி கார்மடி தேடிக்கொண்டு வந்தான். முகத்தை அல்ல.

வாஷிங்டனின் ஏப்ரல் மழைக்கு ஆள் பார்த்து விழத் தெரியும். செர்ரிப் பூக்களின் மேல் கவிதையாக விழும். வக்கீல்களின் சூட்டின் மேல் வக்கீல் நோட்டீஸாக விழும். நனைந்த தோளைத் துடைத்துக்கொண்டே அவன் நாடாளுமன்ற அலுவலகக் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கு ஏறி வந்தபோது, விசாரணை அறைக் கதவிலிருந்து மூன்றாவது தூண் வரைக்கும் வரிசை நீண்டிருந்தது. அன்று ரயில் மசோதா விசாரணை. ஊருக்குள் பாதையை மறித்துக்கொண்டு சரக்கு ரயில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதற்கு ஓர் உச்சவரம்பு வேண்டும் என்றது மசோதா. வேண்டாம் என்றது ரயில் கம்பெனிகளின் கூட்டமைப்பு. அந்த 'வேண்டாம்' என்பதைப் பணிவாக, அடிக்குறிப்புகளோடு, உறுப்பினர்களின் காதில் போடுவதுதான் வெஸ்லியின் உத்தியோகம்.

உள்ளே பொதுமக்களுக்கு நாற்பது நாற்காலிகள். அதில் பாதி நாற்காலிகளின் சொந்தக்காரர்கள் அந்த நேரத்தில் எங்கோ முட்டையும் டோஸ்ட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காகக் கூலிக்கு நிற்பவர்கள் விடியலிலிருந்து நின்றார்கள். குன்றில் இது வழக்கம்தான். (நாடாளுமன்றம் இருக்கும் கேபிடல் குன்றை அங்கே பிழைக்கிற எவனும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டான், வெறும் குன்று.) ஜனநாயகத்தில் எல்லோருக்கும் ஒரே வரிசைதான். கால்கள் மட்டும் சில பேருக்கு வாடகை.

"பச்சைக் கோட்டு, கதவுப் பக்கமிருந்து ஏழாவது ஆள்" என்று ஆள் அனுப்பும் கம்பெனி செய்தி போட்டிருந்தது. வெஸ்லியின் காதில் மாட்டிய போனில், அவனை வக்கீலாக வைத்திருந்த கட்சிக்காரர், கூட்டமைப்பின் ஆள், பேசிக்கொண்டிருந்தார். ஒரு கையில் காபி. பச்சைக் கோட்டு தெரிந்தது. தோளைத் தட்டினான். ஒரு பத்து டாலர் நோட்டை அந்தக் கையில் திணித்தான்.

"ரொம்ப நன்றிங்க. போதும், நீங்க கெளம்பலாம்."

பச்சைக் கோட்டு திரும்பியது. அதற்குள் இரண்டு கண்கள் இருந்தன… மழையில் நனைந்த சிலேட்டின் நிறம். ஈரக் கூந்தலின் நுனியிலிருந்து ஒரு சொட்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கட்சிக்காரர் காதுக்குள் ஏதோ முக்கியமாகச் சொன்னார். அது என்னவென்று வெஸ்லிக்கு இன்றுவரை தெரியாது.

"எங்க கெளம்பணும்?" என்றாள் அவள்.

"வீட்டுக்குத்தான்."

"வீடு ஒஹையோல இருக்கு. இந்தப் பத்து டாலர் பாதி வழிக்குக்கூடப் பத்தாதே சார்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். வெஸ்லி பொறுமையாக விளக்கினான்: இது தன்னுடைய இடம் என்றும், அவள் தனக்காக நின்றாள் என்றும், இனிமேல் தானே நின்றுகொள்வதாகவும். அவள் அதைக் கவனமாகக் கேட்டாள். பிறகு அவன் கால்களைப் பார்த்தாள், முழங்காலிலிருந்து ஷூ வரைக்கும்.

"நல்லாத்தானே இருக்கு கால் ரெண்டும். அப்புறம் எதுக்கு என்னோடத எரவல் கேக்கறீங்க?"

இரண்டு ஆள் தள்ளி இன்னொரு பச்சைக் கோட்டு இருந்தது. அதற்குள் மிஸ்டர் டாலிவர் இருந்தார்; ஓய்வு பெற்ற தபால்காரர், பொறுமைக்கென்றே பிறந்தவர். 'கார்மடி' என்று எழுதிய அட்டையை நெஞ்சில் பிடித்துக்கொண்டு, "தம்பி, நான் இங்க இருக்கேன்ப்பா" என்றார்.

வெஸ்லி காது சிவக்கும் ரகம். முதலில் இடது காது சிவக்கும், பிறகு வலது. அன்று இரண்டும் ஒன்றாகச் சிவந்தன. மன்னிப்பு கேட்டான். கேட்டது போதாது என்று தோன்றி மறுபடி கேட்டான். கையிலிருந்த காபியை அவளிடம் நீட்டினான். அவள் பத்து டாலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காபியை வைத்துக்கொண்டாள்.

"அஞ்சு மணியிலேர்ந்து நிக்கறேன்," என்றாள், ஒரு வாய் குடித்துவிட்டு. "காபிக்கு ரோஷம் பாக்க மாட்டேன்."

எதற்கு நிற்கிறாள் என்று கேட்டான். அவள் கோட்டுப் பையிலிருந்து நான்காக மடித்த கடிதத்தை எடுத்தாள். மசோதாவை விசாரிக்கும் குழுவின் முத்திரை. 'ரோவீனா கெஸ்லர், தன்னார்வ ஆம்புலன்ஸ் ஓட்டுநர், கில்பர்ட்ஸ் ரன், ஒஹையோ. நான்காம் சாட்சி.'

சாட்சிகளுக்கு வரிசை கிடையாது. பின்பக்கம் தனிக் கதவு. உள்ளே பெயர்ப்பலகை போட்ட நாற்காலி, குடிக்கத் தண்ணீர். அது தெரியாமல், பேசப் போகிறவளே பேச்சைக் கேட்க வந்தவர்களோடு இரண்டரை மணி நேரம் நின்றிருக்கிறாள். இதைச் சொல்லிச் சிரிக்கத்தான் வெஸ்லி வாயைத் திறந்தான். ஆனால் கடிதத்தில் 'நான்காம் சாட்சி' என்ற சொல்லை மறுபடி படித்தான்.

நான்காம் சாட்சியை அவனுக்குத் தெரியும். போன செவ்வாய்க்கிழமை அவளைப் பற்றி ஒரு பக்கம் எழுதியவனே அவன்தான்.

குன்றில் உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகளை எல்லா நேரமும் உறுப்பினர்களே எழுதுவதில்லை. அவர்களுக்கு வேலை அதிகம். வெஸ்லி மாதிரி ஆட்கள் எழுதி, உறுப்பினரின் உதவியாளரிடம் கொடுப்பார்கள்; உறுப்பினர் அதை நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வாசிப்பார். அவன் வேலை பார்த்த, திருமதி ஹாலோவேயின் வக்கீல் நிறுவனத்தில் கேள்வி எழுதுவதென்றால் வெஸ்லிதான். ஒரே ஒரு குறை. தான் எழுதியதை வேறு யாராவது வாசித்தால், அவன் உதடுகள் கூடவே அசையும். சத்தம் வராது. கச்சேரியில் பின்வரிசை ரசிகர் மாதிரி. சக ஊழியர்கள் கேலி செய்வார்கள்; அவன் அதைத் தொழில் பக்தி என்பான்.

"வாங்க, உங்க கதவு அந்தப் பக்கம்," என்று அவளை அழைத்துக்கொண்டு நடந்தான்.

நீண்ட தாழ்வாரம். பளிங்குத் தரையில் அவளுடைய ரப்பர் பூட்ஸ் 'கிரீச் கிரீச்' என்றது. அந்தச் சத்தத்துக்கு அவளே வெட்கப்பட்டு நுனிக்காலில் நடந்தாள்… அப்போதும் கிரீச்சிட்டது. கில்பர்ட்ஸ் ரன் ஊரை ரயில் பாதை இரண்டாக வெட்டுகிறது என்று சொன்னாள். ஆம்புலன்ஸ் ஒரு பக்கம், ஆஸ்பத்திரி ஒரு பக்கம், நோயாளி எந்தப் பக்கம் என்பது கடவுளின் விருப்பம். ரயில் நிற்கும், ஒரு மணி நேரம், சில நாள் மூன்று. போன அக்டோபரில் ஊரின் பியானோ டியூனருக்குப் பக்கவாதம் வந்தபோதும் நின்றது. பையைத் தோளில் கட்டிக்கொண்டு பெட்டிகளுக்கு அடியில் ஊர்ந்து போனாளாம். மனிதர் பிழைத்துக்கொண்டார்.

"எடது கை மட்டும் போச்சு," என்றாள். "பியானோவுல பாதி."

வெஸ்லிக்கு இதெல்லாம் தெரியும். தேதி தெரியும். கிழமை தெரியும். அவளுக்குத் தெரியாத ஒன்றும்கூடத் தெரியும்.

"நீங்க என்ன வேல பாக்கறீங்க?" என்று கேட்டாள்.

பதில் எளிது. நாக்கு வரை வந்தது. "சட்டம்… கொள்கை… அரசாங்கத்துகிட்டப் பேசத் தெரியாதவங்களுக்குப் பேச உதவி பண்றது," என்றான்.

அவள் முகம் மலர்ந்தது. மழைக்கு நடுவே ஒரு நிமிடம் வெயில் அடிக்குமே… அப்படி.

"அப்போ நம்ம பக்கம்தான் நீங்க."

அவன் மறுக்கவில்லை. மறுக்காமல் இருப்பதற்கு அவனுக்கு ஏழு வருட அனுபவம் இருந்தது. அதற்குப் பதிலாக, திரும்பும்போது மழை இருக்கும் என்று சொல்லித் தன் குடையை அவள் கையில் கொடுத்தான். விசாரணைக்கு இருபது நிமிடம் இருந்தது. உதவியாளரின் அறை இரண்டு கதவு தள்ளி. ஓடிப் போய் அந்தக் காகிதத்தைத் திருப்பி வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. சாட்சிகளின் கதவருகே நின்று, கில்பர்ட்ஸ் ரன்னில் 'பை' என்கிற பழப் பலகாரம் நன்றாக எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தான். செர்ரிப் பழப் பை, தேவாலயத்து விற்பனையில், என்றாள். சிரித்தாள். அந்தப் பதினெட்டு நிமிடங்கள்தான் அவன் வாழ்க்கையிலேயே சந்தோஷமான பதினெட்டு நிமிடங்கள் என்பதையும், அவை திருட்டுச் சொத்து என்பதையும் அவன் ஒன்றாகவே உணர்ந்தான்.

அறைக்குள் எழுபது பேர். சாட்சி மேஜையில் ரோவீனா, மைக்கைப் பார்த்துச் சற்றுப் பயந்தபடி. சாட்சி மேஜைக்குப் பக்கவாட்டில், சுவரோரம், டாலிவர் காத்துக் கொடுத்த நாற்காலியில் வெஸ்லி. அவள் தன் ஐந்து நிமிடத்தை நான்கில் முடித்தாள். ஊரைப் பற்றி, கையைப் பற்றி, எளிய வார்த்தைகளில். முடித்துவிட்டு ஒருமுறை அவனைப் பார்த்தாள், சரியாகச் சொன்னேனா என்பது போல. அவன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை நினைத்து அவன் பின்னால் பல நாள் தலையில் அடித்துக்கொண்டதுண்டு.

பிறகு உறுப்பினர் ஹார்டிகன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

ஹார்டிகன் நல்ல மனிதர். கொடுத்த காகிதத்தை மேலிருந்து கீழ்வரை வாசிப்பார். ஓர் எழுத்து விடமாட்டார். அதுதான் அவருடைய பலம் என்று குன்றில் எல்லோரும் நம்பினார்கள்.

"செல்வி கெஸ்லர்," என்று ஆரம்பித்தார். "அந்த ரயில்வே கேட்டில், நீல நிறப் பலகையில், அவசரத் தொலைபேசி எண் ஒன்று எழுதப்பட்டிருந்ததா இல்லையா? முறைப்படி அந்த எண்ணை அழைத்துக் காத்திருப்பதற்கு மாறாக, நீங்கள் ரயில்வேக்குச் சொந்தமான இடத்தில் அத்துமீறி நுழைந்து, சட்டத்தை மீறினீர்களா இல்லையா?"

ரோவீனாவின் உதடுகள் பிரிந்தன. ஹார்டிகன் அதே மூச்சில், அதே கம்பீரத்தில், தொடர்ந்து வாசித்தார்.

"இடைநிறுத்தம். வருத்தத்தோடு பார்க்கவும். பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம்."

வாசித்துவிட்டு, கட்டளைக்குப் பணிந்து, வருத்தத்தோடு பார்த்தார்.

யாரோ இருமினார்கள். அந்த இருமல் சிரிப்பாக மாறி, அறை முழுக்கப் பரவியது. உதவியாளர் ஓடி வந்து காதில் ஏதோ சொன்னார். ஹார்டிகன் முகம் பீட்ரூட்டாகி, கேள்வி கேட்கத் தனக்கு மிச்சமிருந்த நேரத்தைத் தலைவரிடமே திருப்பித் தருவதாக அறிவித்தார். தலைவர் அவசரமாகச் சுத்தியலைத் தட்டி, எழுத்து மூலமான பதில்களுக்காகப் பதிவேடு பத்து நாள் திறந்திருக்கும் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார். பதில் சொல்லச் சொல்லி ரோவீனாவை யாரும் கேட்கவேயில்லை.

எல்லோரும் ஹார்டிகனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் அவரைப் பார்க்கவில்லை. அவள் சுவரோர நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே வெஸ்லியின் உதடுகள், தொழில் பக்தியோடு, சத்தமில்லாமல், '…காத்திருக்க வேண்டாம்' என்று முடித்து மூடிக்கொண்டிருந்தன.

தாழ்வாரத்தில் அவள் நேராக அவனிடம் வந்தாள். கிரீச், கிரீச். இப்போது நுனிக்காலில் நடக்கவில்லை.

"சட்டம்… கொள்கை…" என்றாள். "நல்ல உச்சரிப்பு சார் உங்களுக்கு. சத்தம்தான் வரல."

"ரோவீனா, நான்…"

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த நீலப் பலகை நம்பருக்கு நான் கூப்பிட்டேனா இல்லையான்னு, அத எழுதறப்போ உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

தெரியும். கூட்டமைப்பு கொடுத்த பதிவில் அது இருந்தது. ஓர் ஒஹையோ எண்ணிலிருந்து அழைப்பு, முப்பத்தெட்டு நிமிடம், யாரும் எடுக்கவில்லை, பாட்டுதான் ஓடியிருக்கிறது. அவள் கூப்பிட்டாள், காத்திருந்தாள், அப்புறம்தான் ஊர்ந்தாள். அவள் பதில் சொன்னால் கட்சிக்காரர் மூழ்கிவிடுவார். அதனால்தான் அந்தக் கடைசி வரி. ஆனால் கட்சிக்காரரின் ரகசியம் வக்கீலின் ரகசியம். அதைச் சொல்ல அவனுக்கு உரிமை இல்லை. உரிமை இல்லாதது இப்போது எவ்வளவு வசதியாக இருக்கிறது என்பதும் அவனுக்குத் தெரிந்தது.

அவள் காத்திருந்தாள். காத்திருக்கப் பழகியவள். வெஸ்லி தரையைப் பார்த்தான்.

"சரி," என்றாள். குடையை அவன் கையில் வைத்தாள். "மழ நின்னுடுச்சு. வெச்சுக்கோங்க."

ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பச்சைக் கோட்டு அதற்குள் இறங்கி, படிகளைக் கடந்து, போயேவிட்டது.

வெட்கம் என்பது விசித்திரமான விருந்தாளி. முதல் நாள் அது வெஸ்லியோடு அடித்தளத்துச் சிற்றுண்டிச் சாலையில் அவரைக்கொட்டை சூப் சாப்பிட்டது. இரண்டாம் நாள் அவன் சவரம் செய்யும்போது கண்ணாடிக்குள் நின்றது. புதிய கேள்வி ஒன்று எழுத உட்கார்ந்தான். பேனா 'இல்லையா' என்ற இடத்திலேயே நின்றுவிட்டது. சாட்சிப் பட்டியலில் இருந்த அவளுடைய எண்ணுக்கு இரண்டு முறை கூப்பிட்டான். எடுக்கவில்லை. சட்டக் கல்லூரியில் சேர அவன் எழுதிய கட்டுரை நினைவுக்கு வந்தது: குரலற்றவர்களின் குரலாக இருப்பேன் என்று பதினெட்டு வரி. குரலற்றவளுக்கு ஒரு குரல் இருந்தது. அதை நிறுத்தியவன் இவன்.

மூன்றாம் நாள் குழுவின் பதிவேட்டுக்கு ஒரு கடிதம் எழுதினான். கட்சிக்காரரின் ரகசியம் ஒன்றையும் தொடவில்லை. ஆனால் அவனுடைய அவமானம் அவனுடைய சொந்தச் சொத்து; அதை வெளியிட யாருடைய அனுமதியும் வேண்டாம். 'நான்காம் சாட்சியிடம் கேட்கப்பட்ட கேள்வியை எழுதியவன் நான். அதற்குக் கீழிருந்த வரியை எழுதியவனும் நான். அவருடைய பதிலுக்கு நான் பயந்தேன். அந்தப் பதிலைக் கேட்டுப் பதிவு செய்யுமாறு வேண்டுகிறேன்.' கையெழுத்துப் போட்டான். அவளுக்கும் ஒரு பிரதி போகும்படி குறித்தான்.

திருமதி ஹாலோவே அவனை அழைத்தார். முப்பது வருடமாகக் குன்றில் இருப்பவர்; குரலை உயர்த்தியதே இல்லை. வெட்கப்படுவது நல்ல பழக்கம் என்றார். அதை வீட்டில் வைத்துக்கொள்வதுதான் முறை என்றார். இவன் ராஜினாமாக் கடிதத்தை நீட்டினான். அவர் பணிநீக்கக் கடிதத்தை நீட்டினார். இரண்டு காகிதமும் மேஜையின் நடுவில் ஒன்றையொன்று கடந்து போயின.

ஒன்பதாம் நாள் காலையில், அவளுடைய பதில் இன்னும் பதிவேட்டில் வந்ததாகத் தகவல் இல்லை. நாளையோடு பத்து நாள் முடிகிறது. பாவம், எழுதி அனுப்பலாம் என்பதே அவளுக்குத் தெரியாது… தலைவர் சொன்னது அந்தச் சிரிப்பில் எங்கே கேட்டிருக்கும்? தான் போய்ச் சொல்ல வேண்டும். காப்பாற்ற வேண்டும். வெஸ்லி குடையை எடுத்துக் காருக்குள் போட்டுக்கொண்டு ஒஹையோவுக்குக் கிளம்பினான். போகிற வழியெல்லாம் அவனுக்குத் தன் மேல் லேசாக ஒரு மரியாதை வந்திருந்தது. ஒன்பது நாளில் அதுதான் முதல் தடவை.

பிற்பகல் நான்கு மணிக்குக் கில்பர்ட்ஸ் ரன் வந்தது. ஊருக்குள் நுழைய முடியவில்லை. குறுக்கே சரக்கு ரயில் நின்றுகொண்டிருந்தது.

இடப்பக்கம் கண்ணுக்கு எட்டிய வரை பெட்டிகள். வலப்பக்கமும் அப்படியே. எல்லாம் அவனுடைய பழைய கட்சிக்காரர்களுடையவை. நீலப் பலகை தூறலில் பளபளத்தது. வெஸ்லி இறங்கி, இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இணைப்புக் கொக்கிக்கு மேலே தெரிந்த இடைவெளி வழியாகப் பார்த்தான்.

அந்தப் பக்கம் காலி ஆம்புலன்ஸ் ஒன்று நின்றது. அதன் அருகே பச்சைக் கோட்டு, கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு, கடிகாரத்தைப் பார்த்து ரயில் நிற்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்தது. சிலேட்டு நிறக் கண்கள் ரயிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவனைக் கண்டுகொண்டன.

"என்ன வக்கீல் சார்," என்று சத்தமாகக் கேட்டாள். "வரிசையில நிக்க ஆள் கெடைக்கலையா?"

"இந்தத் தடவ நானே நிக்கறேன்," என்றான். இரண்டு காதும் சிவந்தன. "கேளுங்க ரோவீனா, நேரமில்ல. பத்து நாளைக்குப் பதிவேடு தொறந்திருக்கும். நாளைக்குக் கடைசி. உங்க போன் பில்லோட ஒரு பதில் எழுதி அனுப்பினீங்கன்னா…"

"ரெண்டாம் நாளே அனுப்பிட்டேன்."

வெஸ்லி நெற்றியில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டான்.

"என்னக் கூப்பிட்டுக் குழு அனுப்புன கடுதாசியிலயே கடைசி வரியில போட்டிருந்தது. எங்க ஊர்ல கடைசி வரி வரைக்கும் படிப்போம். உங்க ஹார்டிகன் மாதிரி."

காப்பாற்ற வந்தவனுக்குக் காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை. ஏழு மணி நேரம் கார் ஓட்டி வந்த காரணம், தூறலில் கரைந்து போய்விட்டது. மிச்சம் இருந்தது நிஜமான காரணம் மட்டும். அது நனைந்த சட்டை மாதிரி உடம்போடு ஒட்டிக்கொண்டு எல்லோருக்கும் தெரிந்தது.

"உங்க லெட்டரும் வந்துது," என்றாள் அவள், சற்றுத் தணிந்து. "வேல என்னாச்சு?"

"நான் விட்டேன். அவங்களும் எடுத்துட்டாங்க. ரெண்டும் ஒரே நேரத்துல நடந்தது."

அவள் உதட்டோரம் ஏதோ துடித்தது. சிரிப்பாக இருக்கலாம், மழையாகவும் இருக்கலாம். வெஸ்லி கொக்கியைப் பார்த்தான். குனிந்தால் போய்விடலாம். ஒரு முழங்காலை மடக்கினான்.

"அத்துமீறல்," என்றாள் அவள். "சட்டத்த மீறாதீங்க. அங்கயே நில்லுங்க."

நின்றான். அவள் நனைந்துகொண்டிருந்தாள். குடையைச் சுருட்டி, இடைவெளி வழியாக அந்தப் பக்கம் எறிந்தான். அது சரளைக்கல்லில் விழுந்தது. குடையின் மேல் யாரும் வழக்குப் போட முடியாது. அவள் அதை எடுத்தாள். திறக்கவில்லை… ஆனால் திருப்பி எறியவும் இல்லை.

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். ஏழு வருடப் பழக்கம். எழுதாமல் அவனுக்குப் பேச வராது. தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான்.

"செல்வி கெஸ்லர் அவர்களே. அன்று உங்களைப் பார்க்காமலே தோளைத் தட்டினேன். பிறகு பார்த்தேன். அதற்குப் பிறகு வேறு எதையும் சரியாகப் பார்க்க முடியவில்லை. உங்களைத் தெரிவதற்கு முன்னால் அந்தக் கேள்வியை எழுதியது என் தொழில். தெரிந்த பிறகும் அதைத் திருப்பி வாங்காதது என் கோழைத்தனம். அந்தப் பதினெட்டு நிமிடமும் உங்களோடு பேசிக்கொண்டிருந்தேன், ஏனென்றால்…" காகிதத்தைக் கீழே இறக்காமல் தொடர்ந்தான். "இடைநிறுத்தம். வெட்கத்தோடு பார்க்கவும்."

பார்த்தான். அதற்கு நடிப்பு தேவைப்படவில்லை.

அடுத்த வரிகளை மழை அழித்திருந்தது. நீல மை வழிந்து அவன் மணிக்கட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்புறம்?" என்றாள் ரயிலுக்கு அந்தப் பக்கம்.

"அழிஞ்சு போச்சு."

"மனசுலயுமா?"

வெஸ்லி காகிதத்தைக் கசக்கிப் பைக்குள் போட்டான்.

"இல்ல. மனசுல இருக்கு. எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சுப் போச்சு ரோவீனா. அதச் சொல்ற யோக்கியத எனக்கில்லன்னும் தெரியும். சொல்லாமப் போனா, அதுவும் இன்னொரு பொய்யாயிடும்னுதான் வந்தேன்." மூச்சு வாங்கினான். "கடைசி வரி ஒண்ணு இருந்தது. பதிலுக்குக் காத்திருக்கவும். எவ்வளவு நேரமானாலும்."

அவள் வாயைத் திறந்தாள்.

அந்த நேரம் பார்த்து எங்கோ தூரத்தில் ஊதல் கேட்டது. பெட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு விழித்தன. இடைவெளி நகர்ந்தது, ஒரு பெட்டி வந்து அவளை மறைத்தது. ரயில் கிளம்பிவிட்டது. இரண்டரை மணி நேரமாக அசையாத ரயில்.

பெட்டி… இடைவெளியில் ஒரு கீற்றுப் பச்சை. பெட்டி… பச்சை. பெட்டி… பெட்டி… பச்சை. அவள் என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை. சொல்கிறாளா என்றே தெரியவில்லை. இந்தச் சத்தத்தில் கடவுள் பேசினாலும் கேட்காது. அவனுடைய கூட்டமைப்பு எவ்வளவு நீளமான ரயில்களுக்காக வாதாடி ஜெயித்திருக்கிறது என்பது வெஸ்லிக்கு நன்றாகத் தெரியும். அந்த வாதத்தை எழுதியவனும் அவனே. முழங்கால் வரை நனைந்து, கையில் மையோடு, அவன் நின்றான். ஆம்புலன்ஸ் கிளம்பிப் போயிருக்கும். போவதுதான் நியாயம். இருந்தாலும் நின்றான்.

கடைசிப் பெட்டி கடந்தது. சத்தம் தேய்ந்து, தூறலின் சத்தம் மட்டும் மிஞ்சியது.

அவள் அங்கேயே இருந்தாள். குடை விரிந்திருந்தது.

தண்டவாளங்களுக்கு இரு பக்கமும் இருவரும் நின்றார்கள். யாருக்கும் அவசரமில்லை. அவள் நோட்டுப் புத்தகத்தில் நேரத்தைக் குறித்து, மூடி, பைக்குள் வைத்தாள். பிறகு, வரிசையில் காபியை வாங்கிக்கொண்ட அதே நிதானத்தோடு பேசினாள்.

"அன்னைக்கு அந்த ரூம்ல எழுபது பேர் இருந்தாங்க. அம்புட்டுப் பேரும் ஹார்டிகனத்தான் பாத்தாங்க. நான் மட்டும்…" நிறுத்தினாள். முதல் தடவையாக அவள் முகத்தில் வெட்கம் ஏறியது. கழுத்திலிருந்து தொடங்கி மெதுவாக. "நான் மட்டும் எதுக்கு உங்க உதட்டையே பாத்துட்டிருந்தேன்னு, இந்த ஒம்போது நாள்ல ஒரு தடவையாவது யோசிச்சீங்களா, வக்கீல் சார்?"

எல்லாப் பதிலுக்கும் முன்கூட்டியே தயாராகிற வெஸ்லி கார்மடி, இதற்குத் தயாராகவில்லை. அவன் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. இந்த முறை யாரும் எழுதிக் கொடுத்ததும் இல்லை.

"கேட் தொறந்துதான் இருக்கு," என்றாள் ரோவீனா, குடையைச் சற்று ஒரு பக்கமாகச் சாய்த்து, அடியில் இன்னொரு ஆளுக்கு இடம் விட்டு. "நடந்தே வாங்க. நான் காத்திருக்கேன்."